சவ்வாகப் படுத்த பெற்றோர்

ஓர் ஓட்டலின் குளிரூட்டிய மண்டபத்தில் நடந்த பயிற்சி வகுப்பை முடித்துக்கொண்டு திரும்பிய மறுநாள், பள்ளி முதல்வர் தன் அறை வாசலிலிருந்த ‘முதல்வர்’ என்ற பலகையைக் கழற்றச் சொன்னார். அந்த இடத்தில் ‘உட்கரு’ என்று எழுதிய பலகை ஏறியது. ஏணியில் நின்ற கடைநிலை ஊழியர், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம், “மேடத்துக்கு மாத்தல் ஆயிடுச்சா?” என்று கேட்டார். தோட்டக்காரருக்கும் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் மேடம் பெற்றோரைக் கூட்டி விளக்கினார். மனித உடம்பு நான்கே நான்கு வகைப் பெருமூலக்கூறுகளை நம்பி இருக்கிறது: நியூக்ளிக் அமிலம், புரதம், மாவுச்சத்து, கொழுப்பு. இவை ஒன்றோடொன்று முறைத்துக்கொள்ளாமல் வேலை பார்ப்பதால்தான் நாமெல்லாம் உயிரோடு இருக்கிறோம். ஒரு பள்ளியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

“டி.என்.ஏ. சொல்லும். புரதம் செய்யும். மாவுச்சத்து எரியும். கொழுப்பு எல்லையில நின்னு காவல் காக்கும்” என்றார் மேடம். “இதுல கேள்வி கேக்குற மூலக்கூறு எதுன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்?”

மேடம் வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுத் தானே சொன்னார்.

“கிடையாது. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. அதுதாங்க இயற்கையோட அழகு.”

முன்வரிசையில் ஒருவர் எழுந்து, உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அது எதில் சேரும் என்று கேட்டார். மேடம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “தண்ணி பெருமூலக்கூறு இல்லைங்க. அது சும்மா தண்ணி.” சில நாட்களில் தாழ்வாரத்திலிருந்த குடிநீர்த் தொட்டியை எடுத்துவிட்டார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பாதிதான் புரிந்தது. புரியாத அந்தப் பாதியில்தான் நல்ல படிப்பு இருக்கிறது என்று நம்புகிறவர் அவர். அந்த நம்பிக்கையில்தான் மகளை இங்கே சேர்த்திருந்தார். ஆறாம் வகுப்பில் படிக்கும் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்வாள். அதனால் வகுப்பில் அவளுக்குப் பெயர் ‘ஊசி’. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

பள்ளி வேகமாக உடம்பாக மாறியது. முதல் மதிப்பெண் எடுப்பவர்கள் டி.என்.ஏ. ஆனார்கள். நடுத்தரமாகப் படிப்பவர்கள் புரதம். கணக்கில் தவறியவர்கள் எல்லாரும் மாவுச்சத்து. அவர்களுக்கு மாலைச் சிறப்பு வகுப்பை நிறுத்திவிட்டார்கள். எரியப் போகிறவர்களுக்கு எதற்கு வகுப்பு என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொண்டார்கள். பெற்றோர் மொத்தமும் கொழுப்பு.

அறிவிப்புப் பலகையில் ஒரு விதி ஒட்டப்பட்டது: ‘தகவல் உட்கருவிலிருந்து வெளியே மட்டுமே செல்லும். வெளியிலிருந்து உட்கருவுக்குச் செல்லாது. இது உயிரியலின் அடிப்படை.’ பலகை மாட்டிய கடைநிலை ஊழியருக்கு ‘தூது’ என்று ஓர் அட்டையைச் சட்டையில் குத்திவிட்டார்கள். மேடம் சொல்வதை அவர் வகுப்புகளுக்குக் கொண்டுபோவார். உடம்பில், செய்தி சொல்லி முடித்த தூது ஆர்.என்.ஏ. அழிந்துவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் அவர் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் இல்லாமல் இருக்க வேண்டும். அதுவரை அந்தப் பள்ளியில் யாரும் அவருக்கு ஓய்வு கொடுத்ததில்லை. புதிய முறையை முழுமனதோடு ஆதரித்த ஒரே ஆள் அவர்தான்.

ஆண்டு விழாவுக்கு ‘ஒரு செல்லின் பெருவாழ்வு’ என்று பெயர் வைத்தார்கள். மகள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “ப்பா, நான்தான் இன்சுலின்!” என்றாள்.

“உனக்கு எப்படிம்மா குடுத்தாங்க?”

“இன்சுலின்னா என்னன்னு யாருக்குத் தெரியும்னு அறிவியல் சார் கேட்டாரு. நான் தினமும் போட்டுக்கிறேன் சார்னு சொன்னேன். மேடம் கூட்டிட்டு வரச் சொல்லி, நேரடி அனுபவம்னு சொல்லிக் கன்னத்தைத் தட்டுனாங்க.”

துணிக்கடையில் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா, “உள்ள போட்டுக்கிறது பத்தாதுன்னு மேல வேற போட்டுக்கணுமா?” என்றாள்.

“நீ சும்மா இரும்மா. ப்பா, கேளு. செல்லுக்கு வெளியில சர்க்கரை வரிசையா நிக்கும். கதவு சாத்தியிருக்கும். நான் போய்த் தட்டினாத்தான் திறக்கும். இன்சுலின் ஒரு புரதம். ரெண்டு சங்கிலி. ஒண்ணு நான், இன்னொண்ணு ரெட்டைவால்.” ரெட்டைவால் அவளுடைய தோழி. வாய் அடங்காத பெண். “எங்க ரெண்டு பேரையும் மஞ்ச ரிப்பன்ல கட்டுவாங்க. அதுதான் கந்தகப் பாலம்.”

“கதவுக்கு ஆள் வேணும்னா நான் இருக்கேனே. லிஃப்ட் கதவு மாதிரிதான?”

“நீ கதவு இல்லப்பா. சுவரு. நீ கொழுப்பு.”

அம்மா கை தட்டிச் சிரித்தாள். “இத்தன வருஷமா நான் சொன்னப்ப நம்பல. இப்ப ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க பாருங்க.”

விழா நாள் காலையில் அவள் சிரிக்கவில்லை. துணிக்கடையில் லீவு கிடைக்கவில்லை. மகளுக்கு ஊசி போட்டு, சாப்பிட வைத்து, பைக்குள் பிஸ்கட் டப்பாவைத் திணித்தாள். “ஏங்க, இன்டர்வெல்ல இதைத் தின்ன வைங்க. ஊசி போட்டிருக்கு. தள்ளிப் போட்டா சர்க்கரை இறங்கிடும். அந்தக் கூத்துல மறந்துடாதீங்க.”

“மறப்பேனா?” என்றார் அவர். உண்மையிலேயே அவர் மறக்கவில்லை. அன்று முழுவதும் அவருக்கு அது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

பள்ளி வாசலிலேயே பைகளை வாங்கி ஓர் அறையில் போட்டுப் பூட்டினார்கள். வெளி உணவு நேரடியாகச் செல்லுக்குள் வரக் கூடாதாம். லிஃப்ட் மெக்கானிக் டப்பாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஆரம்பிப்பதற்குள் பின்னாலிருந்த கூட்டம் அவரை மண்டபத்துக்குள் தள்ளிவிட்டது.

மண்டபத்தில் நாற்காலிகள் இல்லை. தரையில் பெரிய வட்டம் வரைந்திருந்தார்கள். நடுவில் உயரமான மேடை, அதுதான் உட்கரு. அங்கே மேடம், சிறப்பு விருந்தினருக்கான காலி நாற்காலி, இரண்டு முறுக்குப் படிகளில் கையைக் கோத்து நிற்கும் டி.என்.ஏ. பிள்ளைகள். வட்டக் கோட்டின்மேல் பெற்றோர் படுக்க வேண்டும்.

“கொழுப்புல தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது” என்று அறிவியல் ஆசிரியர் ஒலிபெருக்கியில் விளக்கினார். “வெளி வரிசை தலையை வெளியில வைங்க. உள் வரிசை தலையை உள்ள வைங்க. கால் எல்லாம் நடுவுல சந்திக்கணும். அங்க நீல சட்டை சார், நீங்க தலைகீழா இருக்கீங்க. தண்ணிக்குள்ள கால் நீட்டுற கொழுப்பை எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

நீலச் சட்டைக்காரர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் படுத்தார். வக்கீல்கள், வங்கி ஊழியர்கள், கடை முதலாளிகள், புடவை கசங்காமல் படுக்கப் பார்த்த டீச்சர்கள் என்று வட்டம் நிறைந்தது. ஒரு முழு வட்டம் மல்லாந்து கிடந்து கூரை விசிறிகளைப் பார்த்தது. சவ்வில் இடைவெளி விடும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அடுத்த வகுப்பில் இடம் உண்டா என்பது பரிசீலிக்கப்படும் என்று முன்பே சொல்லியிருந்ததால், எல்லாரும் தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருந்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் வெளி வரிசை. அவருக்கு வலப்பக்கம் ஒரு மருந்துக்கடைக்காரர், தெரிந்த முகம்தான். தலைக்கு மேலே கொஞ்ச தூரத்தில், செல்லுக்கு வெளியே, மகளும் ரெட்டைவாலும் மஞ்சள் ரிப்பனில் கட்டப்பட்டு, புரதம் மடிந்திருக்க வேண்டும் என்பதால் இடுப்பை வளைத்து ஒரு காலைத் தூக்கி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மாவுச்சத்துப் பிள்ளைகள், கழுத்தில் அறுகோண வடிவ தெர்மாகோல் அட்டையோடு, உள்ளே போய் எரிவதற்குக் காத்திருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஓய்வு பெற்ற பெரிய கல்வி அதிகாரி. கிளம்பிவிட்டார் என்றார்கள். பிறகு, கிளம்பப் போகிறார் என்றார்கள்.

இடைவேளை மணி அடிக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் படுத்தபடியே, அந்தப் பக்கம் நடந்த அறிவியல் ஆசிரியரின் பேன்ட்டைத் தொட்டார். “சார், இன்டர்வெல் எப்ப சார்?”

“செல்லுக்கு ஏதுங்க இடைவேளை? உங்க இதயம் இன்டர்வெல் விடுமா?”

“என் பொண்ணு ஏதாச்சும் சாப்பிடணும் சார். ஊசி போட்டிருக்கு. பை உள்ள பிஸ்கட் இருக்கு.”

“சாவி உட்கருவுல இருக்கு.”

“மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.”

ஆசிரியர் கெட்டவர் அல்ல. அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. குனிந்து குரலைத் தாழ்த்தினார். “நான் ரைபோசோம்ங்க, செய்தியை வாங்கிப் புரதம் செய்யுற ஆளு. அங்கேர்ந்து எனக்கு வரும். என்கிட்டேர்ந்து அங்க போகாது.”

“அப்ப தூது அண்ணன்கிட்டயாவது...”

“இப்பதான் ‘எல்லாரும் சிரிச்ச முகமா இருங்க’ன்னு சொல்லிட்டு அழிஞ்சாரு. சாமான் ரூம்ல இருப்பாரு. அங்கேர்ந்து வெளிய வந்தாலும், உட்கரு சொல்றதை வெளிய சொல்லத்தான் அவருக்கு அனுமதி.” சற்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “அப்புறம், கொழுப்பு பேசக் கூடாதுங்க. தப்பா நினைக்காதீங்க.”

லிஃப்ட் மெக்கானிக் தப்பாக நினைக்கவில்லை. கழுத்தைப் பின்னால் வளைத்து மகளைப் பார்த்தார். அவளுடைய முகம் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. மூக்கு நுனியும் மேலுதடும் வியர்த்திருந்தன.

“தங்கம், என்ன பண்ணுது?”

“ஒண்ணும் இல்லப்பா.”

“பொய் சொல்றா அங்கிள்” என்றாள் ரெட்டைவால். “கை ஐஸ் மாதிரி இருக்கு. நடுங்கிட்டே இருக்கா. எனக்கும் சேத்து ஆடுது.”

“காலைக் கீழ போடும்மா. உக்காரு.”

“மடிப்பு கலைஞ்சா புரதம் வேலை செய்யாதுப்பா” என்றாள் மகள். அவள் நன்றாகப் படித்திருந்தாள்.

அவர் மருந்துக்கடைக்காரரின் பக்கம் திரும்பினார். “சார், கொஞ்சம் பாருங்க சார். உங்களுக்குத் தெரியுமே.”

மருந்துக்கடைக்காரர் கண்ணை மட்டும் உருட்டி மேலே பார்த்தார். “சர்க்கரை இறங்குது. உடனே குளுக்கோஸ் குடுக்கணும்.”

“இங்க எங்க சார் இருக்கு?”

“சுத்தி நிக்கிறதெல்லாம் குளுக்கோஸ்தான். என்ன பண்றது, தெர்மாகோல்.” பெருமூச்சு விட்டார். “மேடைப் பக்கம் காட்சிக்குன்னு ஒரு பாக்கெட் வச்சிருக்காங்க. என் கடையில வாங்கினதுதான்.”

“நீங்க எந்திரிச்சுச் சொன்னா கேப்பாங்க சார். மருந்துக்கடைக்காரர் சொல்றாருன்னு.”

மருந்துக்கடைக்காரர் கண்ணால் மேடையைக் காட்டினார். “என் பொண்ணு டி.என்.ஏ.ல நிக்குறாங்க. மேலேர்ந்து நாலாவது படி” என்றார். “நான் எப்படி?”

வாசலில் கார் கதவு சாத்தும் ஓசை கேட்டது. பூங்கொத்தோடு ஓடினார்கள். சவ்வில் ஓர் இடத்தில் வாயிற்கதவு வைத்திருந்தார்கள். இரண்டு மேல்வகுப்பு மாணவர்கள் அதைத் திறந்து, விருந்தினரை மட்டும் விட்டு, மறுபடி மூடினார்கள். அவர் மேடை ஏறி நாற்காலியில் அமர்ந்ததும் பக்கத்து முக்காலியில் பழச்சாறு வைக்கப்பட்டது.

மேடம் பேசினார். டி.என்.ஏ. தன் இடத்தைவிட்டு இறங்கி வந்து எதையும் பார்ப்பதில்லை, பார்க்காமலேயே அதற்கு எல்லாம் தெரியும், அதைத் தானும் பின்பற்றுவதாகச் சொன்னார். பிறகு விருந்தினர் எழுந்தார்.

“தாமதத்துக்கு மன்னிக்கணும்” என்று ஆரம்பித்தார். “எனக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிடலேன்னா உடம்பு வெடவெடன்னு வந்துடும். டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, ஐயா, உலகமே காத்திருந்தாலும் நீங்க நேரத்துக்குச் சாப்பிடணும்னு.” நிறுத்திப் புன்னகைத்தார். “உலகம் காத்திருந்துச்சு. நான் வழியில வண்டியை நிறுத்திச் சாப்பிட்டேன்.”

மண்டபம் கை தட்டியது. படுத்துக்கொண்டே கை தட்டுவது சிரமம். ஆனாலும் தட்டினார்கள்.

“இங்க பாக்குறேன். யாரும் தன் இடத்தை விட்டு அசையல. இத்தனை பெற்றோர், அவங்க அவங்க துறையில பெரியவங்க, தரையில கிடக்குறீங்க. ஏன்னு ஒருத்தர் கேக்கல. இதுதான் ஆரோக்கியம். இந்த ஆரோக்கியம் நாடு முழுக்கப் பரவணும்னு நான்...”

“ப்பா” என்றாள் மகள். குரல் தூக்கத்தில் பேசுவதுபோல இருந்தது. “லிஃப்ட் வந்துடுச்சா?”

அப்படியே மடிந்து விழுந்தாள். ரிப்பன் இழுத்ததில் ரெட்டைவாலும் அவள்மேல் விழுந்தாள்.

விருந்தினர் பேச்சை நிறுத்தினார். மேடம் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். “பாத்தீங்களா ஐயா! சூடு அதிகமானா புரதம் மடிப்பு குலைஞ்சு விழும். அதை எங்க பிள்ளைங்க எவ்வளவு தத்ரூபமா காட்டுறாங்க பாருங்க!”

இந்த முறை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது.

“நடிப்பு இல்ல!” என்று கத்தினாள் ரெட்டைவால். “ஊசி நிஜமாவே விழுந்துட்டா! யாராச்சும் வாங்களேன்!”

“வசனமும் உண்டா?” என்று விருந்தினர் வியந்தார். மேடம் அடக்கமாகத் தலையசைத்தார்.

லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார். எழுந்தது தான்தான் என்று அவருக்கே உடனே உறைக்கவில்லை. எதிர் வரிசைக்காரரின் முழங்காலைத் தாண்டி உள்ளே குதித்தார். யாரோ அவருடைய கணுக்காலைப் பிடித்து, “சார், வழி அந்தப் பக்கம்” என்றார்கள். உதறிக்கொண்டு மேடையைப் பார்த்து ஓடினார். கண்ணில் முதலில் பட்டது பழச்சாறு. அதை எடுத்தபோது விருந்தினர் பதறிப்போய் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இது என்னோடது. இதுல சர்க்கரையே கிடையாதுப்பா. எனக்கு ஆகாதே!”

மேடையோரம் ஒரு சிறு மேசை. ‘ஆற்றல்’ என்று எழுதி, ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, பக்கத்தில் தட்டில் கத்தரிக்கோல் வைத்திருந்தார்கள்.

“அதை ஐயாதான் திறக்கணும்!” என்றார் மேடம். அந்தக் குரலில் அன்று முதன்முதலாக உண்மையான பயம் இருந்தது.

அவர் பாக்கெட்டை ரிப்பனோடு பிய்த்துக்கொண்டு திரும்பி ஓடினார். மகளைத் தூக்கி மடியில் சாய்த்தார். “தண்ணி குடுங்க! யாராவது கொஞ்சம் தண்ணி!” தண்ணீர் அந்தக் கட்டடத்தில் இல்லை. பல்லால் பாக்கெட்டைக் கிழித்து, விரலை எச்சிலில் நனைத்து, பொடியைத் தொட்டு அவளுடைய ஈறில் தடவினார். மறுபடி தொட்டார், மறுபடி தடவினார். ரெட்டைவால் விசும்பிக்கொண்டே தோழியின் கன்னத்தைத் தட்டினாள். “ஏய் ஊசி, நக்குடி. நல்லா இருக்கும். நக்குடி.”

மகளின் நாக்கு அசைந்தது. உதட்டோரத்து வெள்ளையைத் தேடி எடுத்தது. மறுபடி வெளியே வந்தது.

சிறிது நேரத்தில் கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தேடினாள். “கதவு திறந்துச்சாப்பா?”

“திறந்துச்சுடா தங்கம்.” அவர் அவளுடைய நெற்றியைத் துடைத்தார். “நல்லா திறந்துச்சு.”

சாமான் அறையிலிருந்து வெளிப்பட்ட தூது அண்ணன், மேடை வரை போய்க் காது கொடுத்துவிட்டு, வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர்கள் மூவரையும் பார்த்ததும் சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்கினார்.

“என்னண்ணே?”

“காட்சி இன்னும் முடியலையாம். போட்டோக்காரர் புரதம் விழுந்ததைப் பிடிக்காம விட்டுட்டாராம்.” தரையைப் பார்த்துக்கொண்டே முடித்தார். “பாப்பா இன்னொரு தடவ விழ முடியுமான்னு கேக்கச் சொன்னாங்க.”

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. பதிலைக் கொண்டுபோக அவருக்கு வழியில்லை. சாமான் அறையைப் பார்த்து நடந்தார்.

லிஃப்ட் மெக்கானிக் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மஞ்சள் ரிப்பன் அவிழவில்லை. ரெட்டைவால் கையை நீட்டியபடி கூடவே நடந்தாள். மகளை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அவளுடைய அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், பை கிடந்தால் கிடக்கட்டும். வாசலை நெருங்கும்போது பின்னால் மேடத்தின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. அதில் பயம் போய்ப் பழைய இனிமை திரும்பியிருந்தது.

“ஐயா கவனிச்சீங்களா? சவ்வுல ஓட்டை விழுந்தா வெளியிலேர்ந்து யாரும் வந்து தைக்க வேண்டியதில்ல. பக்கத்துல இருக்கிற கொழுப்பு தானாவே நகர்ந்து மூடிக்கும். ஆணை கூடத் தேவையில்ல. யாரும் எதுவும் சொல்லல, பாருங்க!”

அவர் திரும்பிப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லைதான். மருந்துக்கடைக்காரர் இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தார். அவருக்கு அடுத்தவர் அவரை ஒட்டி நகர்ந்திருந்தார். வட்டம் முழுதாக இருந்தது. தான் படுத்திருந்த இடம் எது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.